எண்ணெய்க்கால் ஏறாத கார்

தங்கத்தாய்க்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. கம்பி சுற்றுகிற வேகம் மட்டும் கூடும். கார் டைனமோவுக்குள் இருக்கும் உருளையில் செம்புக்கம்பியை வரிசை பிசகாமல் சுற்றுவதுதான் அவள் வேலை. வீட்டு வாசலில் பாயை விரித்துச் சுற்றுவாள். அவள் புருஷன் காசி, கார்களுக்கு வயரிங் செய்கிறவன். செய்துகொண்டிருந்தவன் என்பதுதான் சரி. எழுபத்தெட்டில் சங்கரன்கோவில் கார் ஸ்டாண்டில் தில்லைநாயகத்தின் அம்பாசிடர் எரிந்ததோடு அந்தப் பிழைப்பு போயிற்று.

தில்லைநாயகம் வயலும் தோப்பும் உள்ளவர். புளியங்குடி ரோட்டில் பஸ்ஸை முந்திவிட்டு, நீளமாக ஹாரன் அடித்துப் போவதில் அவருக்கு ஒரு சுகம். அன்று வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே என்ஜின் மூடிக்குள்ளிருந்து புகை வந்தது. காசிதான் ஓடிப்போய் பேட்டரி வயரைப் பிடுங்கினான். வலது கை வெந்துவிட்டது. வெந்த கையோடு பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தவன், எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டான்.

"முதலாளி, பியூஸ் போனதுக்கு யாரோ சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுத்தி வச்சிருக்காவ. அளவுக்கு மேல கரண்டு போனா பியூஸ் அந்துரும். தாள் அறாது, வயரைத்தான் எரிக்கும்."

யாரோ என்றுதான் சொன்னான். ஆனால் அந்த ஸ்டாண்டில் வெள்ளித்தாள் வைத்த சிகரெட் பிடிக்கிறவர் ஒருத்தர்தான். பளீரென்று தில்லைநாயகத்தின் கை காசியின் கன்னத்தில் விழுந்தது.

"ஏலே, நீ கெட்ட வயரைப் போட்டுட்டு என் மேல சாட்டுதியா? இவன் கை வச்ச வண்டி எரியும். எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். காசியின் விரல்கள் அதற்குப்பின் சரியாக மடங்கவில்லை. மடங்கியிருந்தாலும் வண்டி வந்திருக்காது. தங்கத்தாய் டிராக்டர்களுக்கும் பம்புசெட்டுகளுக்கும் கம்பி சுற்றிக் குடும்பத்தை ஓட்டினாள். காசி பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துச் சொல்லுவான், அவள் கையால் செய்வாள். அப்படியே வயரிங்கும் டியூனிங்கும் அவளுக்கு வந்துவிட்டன. அந்த அறையைக் காசி மறந்துவிட்டான். அவள் மறக்கவில்லை. ஆறாமல் வைத்திருப்பதும் ஒரு வேலைதான், அதையும் நாள்தோறும் செய்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். எந்த வாய் சொன்னதோ அந்த வாய், சொன்ன இடத்திலேயே, வண்டி ஏன் எரிந்தது என்று சொல்லவேண்டும்.

சில வருஷம் கழித்து, ஆடித்தபசுத் திருவிழா அன்று ஊரில் ஒரு பட்டறையும் திறக்கவில்லை. தில்லைநாயகத்தின் புது அம்பாசிடரை டிரைவர் மூக்காண்டி தள்ளாத குறையாக ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான். அவன் ராயகிரிக்காரன், வேலைக்குப் புதுசு, பழைய கதை தெரியாதவன்.

"எக்கா, பேட்டரி ஏறல. சிவப்பு லைட்டு அணையவே மாட்டேங்குது. வேற போக்கில்ல, பாத்துக் குடுங்க. நான் தபசு பாத்துட்டு வாரேன். உள்ள ஏறினா காலைக் கழுவிட்டு ஏறுங்க. எண்ணெய்க்காலு பட்டா முதலாளி கொன்னுருவாரு."

உள்ளே தரை முழுக்க அரக்குநிற வெல்வெட் விரித்திருந்தது. மூக்காண்டியே வெறுங்காலோடுதான் ஓட்டவேண்டுமாம். மெக்கானிக் எவனும் உள்ளே ஏறக்கூடாதாம்.

டைனமோவை அரைமணியில் சரிபண்ணினாள். பிறகு பியூஸ் பெட்டியைத் திறந்தாள். உள்ளே மறுபடியும் வெள்ளித்தாள் பளபளத்தது.

காசி எட்டிப் பார்த்தான்.

"இதை இப்படியே விட்டுட்டாப் போதும், தங்கம். நாம ஒண்ணும் செய்யவேண்டாம்."

அவளுக்கும் அந்த ஆசை வந்தது. என்ஜினில் தீப்பொறி விழும் டைமிங்கை ஒரு நூல் முன்னால் தள்ளி வைத்தாலும் போதும், மேடு ஏறும்போது பிஸ்டன் ஓட்டையாகிவிடும். ரெண்டையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள், பார்க்கச் சுகமாகத்தான் இருந்தது.

"எரிஞ்சா மூக்காண்டியும்லா எரிவான்" என்றாள். "அதோட, செத்தவன் எங்கன வந்து பேசப் போறான்? எனக்கு அவரு வாய் வேணும்."

தாளைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, சரியான பியூஸைப் போட்டாள். பொறி கொடுக்கும் பாயின்டைத் தேய்த்தாள், டைமிங்கைச் சரியாக வைத்தாள். என்ஜின் பசுமாடு மாதிரி சாதுவாக ஓடியது. அப்புறம் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே ஏறினாள். பழைய டயரில் வெட்டிய ரப்பர் கட்டை ஒன்றை, ஆக்ஸிலேட்டர் மிதிக்கு நேர் கீழே, வெல்வெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் ஒட்டினாள். இனி மிதி பாதிக்குமேல் அமுங்காது. மிதி சிக்காமல் மேலே வருகிறதா என்று திரும்பத் திரும்ப அமுக்கிப் பார்த்தாள். சிக்கினால் வண்டி நிற்காது, அந்தப் பாவம் அவளுக்கு வேண்டாம்.

"முந்தப் போயி நடுரோட்டுல திணறினா?" என்றான் காசி.

"மூக்காண்டி முந்துற ஆளு இல்ல. அந்தாளு பின்னால இருந்து கத்தத்தான் முடியும்."

ஒரு வாரத்தில் ஊர் சிரித்தது. தில்லைநாயகத்தின் ஹாரன் மட்டும் முன்னால் போயிற்று, கார் பின்னால் வந்தது. எலுமிச்சம்பழ லாரி அவரை முந்தியது. வாசுதேவநல்லூர் பஸ்ஸின் கண்டக்டர் பின்படியில் தொங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, கயிறு போடட்டுமா?" என்று கேட்டானாம். அதைக் கேட்ட அன்று தங்கத்தாய் ரெண்டு உருளை கூடுதலாகச் சுற்றினாள்.

ராஜபாளையத்தில் பிளக் மாற்றினார்கள். திருநெல்வேலியில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். ஒவ்வொரு மெக்கானிக்கும் என்ஜின் மூடியைத் திறந்து, கார்புரேட்டரின் விசையைக் கையாலேயே முழுக்கத் திருப்பிப் பார்த்தான். கையால் திருப்பினால் என்ஜின் அருமையாக உறுமியது. சீட்டில் உட்கார்ந்து காலால் மிதித்துப் பார்க்க எவனையும் அவர் விடவில்லை. மூக்காண்டி ஒருதரம், "மிதி கட்டையா இருக்கு முதலாளி" என்றதற்கு, "உன் காலு கட்டை" என்று பதில் வந்தது.

தை மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தென்காசி மாப்பிள்ளையை அழைத்துவர இந்தக் கார்தான் முன்னால் போகவேண்டும். பட்டறை எல்லாம் கைவிட்டபின் மிச்சம் இருந்தது காசி வீடுதான். அவர் ஆள் மேல் ஆள் அனுப்பிப் பார்த்தார். காசி வீட்டிலிருந்து ஒரே பதில்தான்: பார்க்கிறதானால் ஸ்டாண்டில் வைத்துத்தான் பார்ப்போம்.

அவரே வண்டியோடு வந்தார். டிரைவர்கள் டீக்கிளாஸோடு நின்றார்கள். காசி தள்ளி நின்றான். தங்கத்தாய் வண்டியைத் தொடவில்லை.

"பாரு ஏட்டி, என்ன நிக்க?"

"எங்க கை பட்டா வண்டி எரியும்னு இதே எடத்துல சொன்னிய முதலாளி. கல்யாண வண்டி. எப்படித் தொடுதது?"

"அது ஏதோ கோவத்துல சொன்னது."

"அப்ப, அந்த வண்டி எதுனால எரிஞ்சுது? அதைச் சொல்லிட்டியன்னா தொடுதோம்." இடுப்பிலிருந்து வெள்ளித்தாளை எடுத்து நீட்டினாள். "இது உங்க புதுவண்டியில இருந்தது. ஆடியிலேயே எடுத்துட்டேன். இல்லாட்டி இதுவும் எரிஞ்சிருக்கும்."

மூக்காண்டி நிமிர்ந்து பார்த்தான். "முதலாளி, அன்னைக்கு ஹாரன் அடிக்கலைன்னு நீங்கதான சுத்தினிய? நான் வேண்டாம்னுல்லா சொன்னேன்."

யாரோ ஒரு டிரைவர் டீயை உறிஞ்சினான்.

"நான் சுத்துனதுதான்வே" என்றார் தில்லைநாயகம், தரையைப் பார்த்து.

"எது?" என்றாள் தங்கத்தாய்.

"ரெண்டும்."

"காதுல விழல."

"ரெண்டு வண்டியிலயும் தாளைச் சுத்துனது நான். காசி வயர்ல கோளாறு இல்ல. போதுமா?"

அவரிடம் வருத்தம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. அவள் வருத்தம் கேட்கவும் இல்லை. "மக்கா, கேட்டுக்கிட்டியளா?" என்று டிரைவர்களைப் பார்த்துக் கேட்டாள். பிறகு காலைக் கழுவாமல், டீக்கடைச் சேறும் எண்ணெயும் ஒட்டிய பாதத்தை வெல்வெட்டில் நிதானமாக ஊன்றி ஏறினாள். அவர் வெல்வெட்டையும் அவள் காலையும் பார்த்தார். சற்றுநேரம் மிதிக்குக் கீழே குனிந்திருந்துவிட்டு இறங்கினாள். மூக்காண்டி ஓட்டிப் பார்த்தான். வண்டி பாய்ந்தது.

மறுநாள் வாசலில் ரெண்டு டாக்ஸிகள் வயரிங்குக்கு நின்றன. காசி சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வந்தான். அவள் பாயில் ரப்பர் துண்டு ஒன்று கிடந்தது. எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"கட்டை முழுசா இல்லையே, தங்கம்."

"முக்கால்வாசியை அறுத்து எடுத்துட்டேன்."

"மிச்சம்?"

அவள் கம்பியின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

"அது அங்கனதான் கிடக்கு. கல்யாணத்துக்குப் போவும், மேடு ஏறும். எல்லாம் நல்லாத்தான் இருக்கும். பஸ்ஸை மட்டும் முந்தாது."