மூன்றாவது பட்டன்

போன மாசம் என் மகன் செல்வா ஹாஸ்டலில் இருந்து வீட்டுக்கு வந்திருந்தான். விழுப்புரம் பக்கத்தில் ஒரு கல்லூரி. முதல் வருஷம். திண்டிவனத்தில் இருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம்.

வந்தவன் என் முகத்தைப் பார்த்தே பேசவில்லை. “சாப்டியாடா?” என்றால், என் மார்பைப் பார்த்து “சாப்டேம்பா” என்கிறான். குனிந்து பார்த்துக்கொண்டேன். சட்டையில் சாம்பார் ஏதாவது சிந்தியிருக்கிறதா? இல்லை. சுத்தமாகத்தான் இருந்தது.

சரி, பையனுக்கு மரியாதை வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். பதினெட்டு வருஷமாக நான் ஊட்ட முடியாத பணிவை ஹாஸ்டல் ரெண்டே மாசத்தில் ஊட்டிவிட்டதே...

என் மனைவிக்கு மட்டும் உறுத்தியது. “இன்னாங்க இவன், உங்க சட்டைகிட்டயே பேசிக்கினு இருக்கான்?”

“அதுக்குப் பேரு பணிவு. உங்க வீட்டுப் பக்கம் கிடையாது” என்றேன். எதிர் வீட்டுக்காரரிடமும் போய்ப் பெருமையடித்தேன். “பையனை ஹாஸ்டல்ல போடுங்க சார், தானா அடங்குவான்.” இப்படிச் சொன்ன வாயை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது.

“அப்பா, அருளை அடிச்சிட்டாங்க. காது ஜவ்வு கிழிஞ்சிடுச்சி.”

அருள் இவனுடைய ரூம்மேட். மயிலம் பக்கத்துக் கிராமம். அப்பா, அம்மா ரெண்டு பேரும் கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கி, கடலை ஆய்கிறவர்கள். அந்த வீட்டில் இருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அருள்.

“எதுக்குடா அடிச்சாங்க?”

“சீனியர்கிட்ட பேசறப்ப அவங்க சட்டையில மூணாவது பட்டனைத்தாம்ப்பா பாக்கணும். அதான் ரூல். இவன் கண்ணைப் பாத்துட்டான்.”

நான் மெல்லக் குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று...

பணிவாம். பெருமையாம்.

“எல்லாரும் கையெழுத்துப் போட்டு கம்ப்ளைன்ட் குடுத்துட்டோம்ப்பா” என்றான் அடுத்து. அங்கேதான் எனக்கு உண்மையிலேயே வியர்த்தது. அருளுக்காகப் பதறினேனா? பதறினேன். ஆனால் அதைவிட அதிகமாகப் பதறியது, அந்தக் காகிதத்தில் இருக்கும் ஒரு கையெழுத்துக்காக.

உடனே கூட்டேரிப்பட்டில் டயர் கடை வைத்திருக்கும் என் மச்சானுக்கு போன் போட்டேன். அவனுக்குக் கதவில் நுழையும்போது பக்கவாட்டில் திரும்பும் உடம்பு. போகிற வழியில் காரில் ஏற்றிக்கொள்ளக் கடை வாசலில் நிறுத்தினேன்.

“மாமா, அடிக்கணுமா, மெரட்டணுமா? அதுக்குத் தக்கனதான் லுங்கியா பேன்ட்டானு பாக்கணும்.”

“ரெண்டும் வேணாம் மச்சான். பேரை எடுக்கச் சொல்லிட்டு, ஜல்தியா பையனைக் கூட்டிக்கினு வந்துடலாம்.”

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு பேன்ட்டை மாட்டிக்கொண்டு வந்து ஏறினான்.

கேட்டில் வாட்ச்மேன், “பேரன்ட்ஸ் மட்டும்தான்” என்றார். என் முழு பலமும் கேட்டோடு நின்றுவிட்டது. நான் மட்டும் வார்டன் ரூமுக்குள் போனேன்.

வார்டன் கனிவாகத்தான் பேசினார். “சார், அடிச்ச நாலு பசங்களோட வாழ்க்கை இது. உங்க பையன் பேரை எடுத்துக்கச் சொல்லுங்க. ஒருத்தன் எடுத்தா மத்தவனுங்க தானா எடுத்துடுவானுங்க.”

நான் அதற்காகத்தானே வந்திருந்தேன்? தலையாட்டினேன். செல்வாவைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

வந்தான். அவன் பின்னால் இன்னொருவன். அவன் பின்னால் மூன்று பேர். ரூம் நிறைந்தது, வராந்தா நிறைந்தது, படிக்கட்டில் வரிசை நின்றது. ஒரு சத்தம் இல்லை. நாற்பத்தோரு பேர் என்று பிறகுதான் தெரிந்தது. ஹாஸ்டலில் இருந்த மொத்த முதல் வருஷமும்.

“ஒருத்தனைத்தானேப்பா கூப்ட்டேன்?” என்றார் வார்டன்.

“அருளைத் தனியாத்தான் சார் சீனியருங்க கூப்ட்டாங்க” என்றான் செல்வா. “நாங்களும் தனியா அனுப்பிட்டோம். அது எங்க தப்பு. இனிமே யாரு யாரைக் கூப்ட்டாலும் எல்லாரும்தான் சார் வருவோம்.”

குரல் உயரவில்லை. வார்டனின் கண்ணைப் பார்த்துச் சொன்னான். நேராக, இமைக்காமல். ஜன்னலோரம் காதில் பஞ்சோடு அருள் நின்றிருந்தான், நல்ல காதை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

இவனையா சைக்கிளின் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓட்டப் பழக்கினேன்? எனக்கு முன்னால் நிற்பது என் பிள்ளை மாதிரியே இல்லை. எழுந்து வணக்கம் சொல்ல வேண்டும்போல இருந்தது. எத்தனை மீட்டிங்கில் நான் ஒருத்தன் மட்டும் எதற்கு வாய் திறக்கணும் என்று உட்கார்ந்திருக்கிறேன்... மற்ற நாற்பது பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ என்னவோ.

வார்டன் என் பக்கம் திரும்பினார். “அப்பா நீங்க இன்னா சொல்றீங்க?”

“அந்தப் பேரு... அப்படியே இருக்கட்டும் சார்.”

அவ்வளவுதான் என் வசனம். வார்டன் படிக்கட்டு வரைக்கும் நின்ற வரிசையை எட்டிப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, புகார் பெறப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நாலு பேரும் அன்றைக்கே ஹாஸ்டலை விட்டு வெளியே. விசாரணை நடக்கிறது.

“வீட்டுக்கு வந்துட்டுப் போயேன்டா” என்றேன் செல்வாவிடம்.

“நான் வந்தா நாப்பதுதாம்ப்பா இருக்கும்” என்றான். என் முகத்தைப் பார்த்து.

திரும்பும்போது காரில் மச்சான் கேட்டான். “வார்டன் ஆளு எப்படி மாமா இருந்தாரு?”

எவ்வளவு யோசித்தும் முகம் ஞாபகம் வரவில்லை. ஆனால் சட்டையில் எல்லாப் பட்டனும் பழுப்பு. மூன்றாவது மட்டும் வெள்ளை.