திருந்தியவர் பட்டியல்

எங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய உப்புக் கிடங்கு இருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருந்த ஊர் அது. அணுமின் நிலையக்காரர்கள் குடியிருக்கும் அணுபுரம் அப்போது கிடையாது. அந்தப் பக்கம் பனையும் முள்ளும்தான்.

ஏழைப் பிள்ளைகள் சும்மா திரிந்தால் திருடப் போய்விடுவார்கள், விளையாட இடம் கொடுத்தால் குற்றம் குறையும் என்று மெட்ராஸில் யாரோ நல்ல மனதோடு யோசித்திருக்க வேண்டும். அரசாங்கப் பணத்தில் அந்தக் கிடங்கில் ஒரு சிறுவர் மன்றம் திறந்தார்கள். ஒரு கேரம் பலகை, ஒரு கால்பந்து, சாயங்காலம் ஆளுக்கு ஒரு கை சுண்டல். எங்கள் காலனிப் பையன்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்தோம். பொறுப்பு என் சித்தப்பாவிடம் இருந்தது. எங்கள் காலனியில் காக்கி போட்ட முதல் ஆள் அவர்தான்.

என் அத்தை மகனும் மன்றத்துக்கு வருவான். என்னைவிட ஒரு வயது பெரியவன். அப்பா இல்லாத பையன். பள்ளிக்கூடம் போனதில்லை, அத்தையோடு உப்பளத்தில் உப்பு வாருவான். வெடித்த பாதங்களோடு ஓடி வந்து பந்தை உதைத்தால் அது எங்கே போகிறது என்று பார்ப்பதற்குள் கோல் விழுந்திருக்கும். சித்தப்பா அவனைக் கேப்டனாக்கினார். நான் ஆறாம் வகுப்பில் முதல் மாணவன். என்னை கோல் கம்பத்துக்குப் பின்னால் பந்து பொறுக்க விட்டார்.

வருஷக் கடைசியில் ஒரு படிவம் வந்தது. அதை நிரப்பி மன்றத்தின் பதிவேட்டையும் மெட்ராஸிலிருந்து வரும் அதிகாரியிடம் காட்டினால்தான் அடுத்த வருஷம் பணம். கடைசிப் பத்தியில் சித்தப்பா நின்றுவிட்டார். 'மன்றத்தால் திருந்திய சிறுவர்கள்: பெயர், முன்பு செய்த குற்றம்.'

எங்களை வரிசையில் நிறுத்தினார். "டேய், உங்கள்ல எவனாவது எதனா திருடிகிறீங்களாடா?"

"ஒருவாட்டி மாங்கா அடிச்சேன் சார்."

"மாங்காக்கெல்லாம் மெட்ராஸ்லேந்து ஜீப்பு வருமா? வேற?"

பின்னாலிருந்து ஒருவன், "வோணும்னா இப்போ போயி திருடிக்கினு வரட்டுமா சார்?" என்றான். எல்லோரும் சிரித்தோம். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் பையன்கள் போன பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஒருத்தனாவது திருந்தலன்னா மன்றத்த மூடிட்டுப் பூடுவானுங்கோ. பந்தையும் புடுங்கிக்குவானுங்கோ. எவன் பேர எழுதறது?"

நான்தான் அத்தை மகனின் பெயரைச் சொன்னேன். அன்று அவன் வந்திருக்கவில்லை. "அவனுக்குப் படிக்கத் தெரியாது சித்தப்பா" என்று காரணமும் சொன்னேன். உண்மைக் காரணம் அவன் கேப்டன் என்பது.

"அக்கா புள்ளடா அவன்" என்றார் சித்தப்பா. பிறகு அதையே வேறு விதமாகச் சொன்னார். "அதுவும் சர்தான். அடுத்த வூட்டுப் புள்ள பேர எழுதுனா சண்டைக்கு வருவாங்கோ. நம்ம வூட்டுப் புள்ளன்னா கேக்க ஆளில்ல. எழுது."

என் எழுத்து அழகாக இருக்கும் என்பதால் படிவம், பதிவேடு இரண்டையும் நான்தான் எழுதுவேன். 'பித்தளை அண்டா திருட்டு' என்று சித்தப்பா சொன்னார், இரண்டிலும் எழுதினேன். கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது. வெறுமையாக விட மனமில்லாமல் 'இருமுறை' என்று சேர்த்தேன். அதை யாரும் எழுதச் சொல்லவில்லை.

அதிகாரி வந்தார். அத்தை மகனை முன்னால் அழைத்து முதுகில் தட்டினார். "இனிமே ஒழுங்கா இருப்பியா?" என்று கேட்டார். "இருப்பேன் சார்" என்றான். எல்லோரும் கை தட்டினோம்.

வெளியே வந்ததும், "இன்னாத்துக்குடா எனக்கு மட்டும் தட்டுனாங்கோ?" என்று என்னிடம் கேட்டான்.

"நீ நல்லா ஆடறியாம்" என்றேன். அதை அவன் அத்தையிடம் சொல்ல, அத்தை காலனி முழுக்கச் சொன்னாள்.

பணம் வந்தது. புதுப் பந்தும், பதிவேடுகளை வைக்க ஓர் இரும்பு பீரோவும் வாங்கினார்கள். சித்தப்பாவை அச்சரப்பாக்கத்துக்கு மாற்றினார்கள். மறு வருஷம், சாலை போட வந்த கான்டிராக்டரின் கூடாரத்தில் சமையல் பாத்திரங்கள் காணாமல் போயின. அவற்றில் ஒரு பித்தளை அண்டாவும் இருந்தது. புதிதாக வந்த எஸ்.ஐ. பீரோவைத் திறந்து பதிவேட்டைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் அத்தை மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அத்தை உப்பளத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். முழங்கால்வரை உப்பு பூத்திருந்தது. வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

"ஏதோ நோட்டுல எழுதிகீதுன்றாங்கோ. நீ படிச்ச புள்ள. இன்னா எழுதிகீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு கண்ணு. தப்பா இருந்தா அவுரு கால்ல வுழுந்து கேக்கறேன்."

போனேன். எஸ்.ஐ. கெட்டவர் இல்லை. சிறுவன் கேட்கிறானே என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். என் எழுத்து, கோணல் இல்லாமல், கட்டத்துக்குள் அடங்கி இருந்தது.

"உனுக்கு இன்னா வோணும் அவன்?"

"அத்தை பையன் சார்."

"நீயாவது நல்லா படி. அவன மாரி ஆவாத."

"சரி சார்" என்றேன்.

திரும்பி வந்து அத்தையிடம், "இங்கிலீஷ்ல கீது அத்தே, புரியல" என்றேன். அத்தை நம்பினாள். என் தலையைத் தடவி, "வுடு கண்ணு, நீ இன்னா பண்ணுவே" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். என்னைத் தனியே அழைத்துப் போனார். உண்மை வெளியே தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்று சொல்லத்தான் அழைத்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அழுதுவிட்டார். அதன்பின் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அவனைச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம். மன்றம் தொடர்ந்து நடந்தது. நான் கேப்டன் ஆனேன்.

பிற்பாடு நான் படித்து, தலைமைச் செயலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கும் பிரிவு. வருஷா வருஷம் திருந்தியவர் பட்டியல் என் மேஜைக்கு வரும். அந்தப் பத்தியை எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை குறிப்பு எழுதினேன். கொடுத்த பணத்துக்குப் பலன் தெரிய வேண்டாமா என்று கேட்டுக் கோப்பு திரும்பி வந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். அங்கேதான் ஒரு நாள், சீர்திருத்தப் பள்ளிப் பையன் ஒருவனின் கோப்பைப் பார்த்தேன். காவல் நிலையப் பதிவேட்டுப் பக்கத்தையே எடுத்து அதில் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதுதான் வழக்கம், அந்தப் பக்கம் பையனோடு பள்ளிக்கே போகும் என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

போன மாதம் திருப்போரூரில் அத்தை மகனை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். கடைசிவரை மூட்டை தூக்கினான். என்னை ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சீர்திருத்தப் பள்ளியிலிருந்து அவன் திரும்பிய நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அங்கே அவனுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, என் தமிழ் நோட்டை எடுத்து, விரலை ஓட்டி எழுத்தெழுத்தாகப் படித்தான். நீண்ட நேரம் படித்தான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"ஒன் எழுத்து முத்து முத்தா கீதுடா. எங்க பாத்தாலும் ஒன்னுதுன்னு தெரியும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அப்படி எழுத வேண்டுமென்றால் பேனாவை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.