கைலி கட்டிய அம்மா மதுரைக்கு வந்த கதை

1982 மாசி மாதம், பதினோரு ஓவியங்களைக் கோரைப்பாயில் சுருட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஈப்போ பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கடல் கடந்து வாழும் தமிழ் ஓவியர்களுக்கு மூன்று நாள் கண்காட்சி நடத்துகிறோம், வாருங்கள் என்று மதுரையிலிருந்து ஒரு சங்கத்தார் கடிதம் போட்டிருந்தார்கள். கோலாலம்பூரில் என் படங்களை எப்போதும் ‘இந்தியர்’ என்று எழுதிய மூலையில்தான் மாட்டுவார்கள். அப்பா பிறந்த சீமையிலாவது நடு ஹாலில் இடம் கிடைக்கும் என்று நம்பினேன். நம்புவதற்கு என்ன, காசா பணமா?

பதினொன்றில் ஒன்று அம்மாவின் படம். நெற்றியில் விளக்கு, இடுப்பில் பச்சைக் கட்டம் போட்ட கைலி, கையில் ரப்பர் பால்மரத்தைக் கீறும் உளி. அம்மாவிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பிறந்த நாட்டிலேயே குடியுரிமை கிடைக்காதவர்களுக்குக் கொடுப்பது அது. பாஸ்போர்ட்டுக்கு வழியில்லை. அவள் மதுரையைப் பார்க்கப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவளுக்குப் பதிலாகத்தான் அந்தப் படம் போனது. மற்ற பத்தும் துணைக்குப் போனவை.

பினாங்கிலிருந்து சென்னைக்குக் கப்பலில் ஆறு நாள். சென்னையில் இரவு ஏழரைக்கு ரயில் ஏறினால் காலை ஆறே முக்காலுக்கு மதுரை. ஸ்டேஷனிலிருந்து சிம்மக்கல்லுக்கு சைக்கிள் ரிக்‌ஷா இரண்டு ரூபாய். லாட்ஜில் அறை பதினைந்து ரூபாய், தண்ணீர் காலை எட்டு மணி வரைதான் வரும். தனியாக வந்த பெண்ணா என்று மேனேஜர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் ஆமாம் என்றேன்.

அன்றைக்கே ஹாலுக்குப் போய்ப் படங்களை விரித்தேன். சங்கத்தின் செயலாளர் வெள்ளை வேட்டிக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். அம்மாவின் படத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“என்னம்மா இது, பொம்பளைக்குக் கைலிய மாட்டி வச்சிருக்கீங்க?”

“எங்க அம்மாங்க. தோட்டத்துல எல்லாப் பொம்பளைங்களும் இப்படித்தான்.”

“இருக்கலாம். ஆனா இது நம்ம பண்பாடு இல்லையே. தொடக்க விழாவுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு. பெயிண்ட் வச்சிருப்பீங்கள்ல, அதையே சேலையா மாத்திருங்க. நல்ல எடத்துல மாட்டிருவோம்.”

அங்கே அட்டையைக் காட்டி இந்த நாட்டுக்காரி இல்லை என்கிறார்கள். இங்கே கைலியைக் காட்டி இந்தப் பண்பாட்டுக்காரி இல்லை என்கிறார்கள். “மாத்த மாட்டேன். மாட்டினா பதினொண்ணும் மாட்டுங்க, இல்லேன்னா ஒண்ணும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

அறையில் உட்கார்ந்திருந்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. அழுவதற்கா ஆறு நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தேன்? மறுநாள் காலை எட்டு மணிக்கு, அப்பாவின் சீமையையாவது பார்ப்போம் என்று உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினேன். நாற்பது கிலோமீட்டர், மூன்று ரூபாய் இருபது காசு, ஒன்றே கால் மணி நேரம். பாயையும் தூக்கிக்கொண்டேன். காளவாசலில் கூட்டம் நெருக்கியடித்து ஏறியபோது கண்டக்டர் பாயைத் தட்டி, “இதுக்குள்ள என்னத்தா?” என்றார்.

“எங்க அம்மா.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “அப்ப அம்மாவுக்கும் ஒரு டிக்கெட்டு எடு” என்று லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

நான் போன அன்று உசிலம்பட்டியில் சந்தை. தக்காளி விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தேன். பேர் பேச்சி, என் வயதுதான் இருக்கும். சேலைக்கு மேலே முழுக்கை ஆம்பளைச் சட்டை போட்டிருந்தாள். பாயில் என்ன என்று கேட்டாள், விரித்துக் காட்டினேன். படம் சுருளாமலிருக்க நாலு மூலையிலும் எடைக்கல்லைத் தூக்கி வைத்தாள்.

“யாரு, அம்மாவா? உன் மொகம் அப்பிடியே இருக்கே. என்ன வேலை செய்யிது?”

சொன்னேன். செயலாளர் சொன்னதையும் சொன்னேன். அவள் தன் சட்டைக் கையை இழுத்துக் காட்டினாள்.

“இது எம் புருசன் சட்டை. வெயிலுக்கும் செடி அரிக்கிற சொணைக்கும் இதத்தேன் போட்டுக்கிட்டுக் காட்டுக்குப் போறேன், சந்தைக்கு வாரேன். என்னைய எவனும் பொம்பளை இல்லேன்னு சொல்லல. அந்தாளு இங்கிட்டு வந்ததே இல்ல போல.” ஒரு ஆளுக்குத் தக்காளி நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினாள். “என்னையும் சட்டையோட வரைஞ்சு அம்மா பக்கத்துல மாட்டு. ரெண்டு பேருக்கும் சேலை கட்டி விடச் சொல்லு பாப்போம்.”

வியாபாரத்துக்கு நடுவே, அரை மணி நேரத்தில் பென்சிலில் வரைந்து முடித்தேன். மூக்கு இம்புட்டுப் பெருசா என்று மட்டும் சண்டை போட்டாள்.

தொடக்க விழா அன்று காலை ஒன்பதுக்கு, ஹாலின் காம்பவுண்டு கேட்டில் சணல் கயிறு கட்டி அம்மாவையும் பேச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். மீதிப் பத்தையும் சுவரோரம் சாய்த்து வைத்தேன். செயலாளர் வேகமாக வந்தார்.

“என்னம்மா இது, விழா நேரத்துல? வெயில்ல சாயம் வெளுத்துரும்.”

“வெளுக்கட்டுங்க. எங்க அம்மா வெயில்ல நிக்காத ஆள் இல்ல. இதப் பாருங்க, இவங்க உசிலம்பட்டி. இதுவும் நம்ம பண்பாடு இல்லையா?”

“அது வேலைக்குப் போறப்ப போடுறது.”

“எங்க அம்மா கைலியும் வேலைக்குப் போறப்ப கட்டுனதுதான்.”

அவர் உள்ளே போய்விட்டார். உள்ளே வாருங்கள் என்று கடைசிவரை அழைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை, மூன்று நாளும் கேட்டில் நின்றேன். முகம் கறுத்து, உதடு வெடித்துப்போனது. தலை குனியவில்லை.

அப்பா, தாத்தா ஊரைத் தேடிப் போகிறவர்களுக்கு இப்போது சில வார்த்தை. மாசி, பங்குனியில் போனால் குடையும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். உறவு தேடுவதானால் சந்தை நாளாகப் பார்த்துப் போங்கள், சுற்றுப்பட்டு ஊர் ஆட்களெல்லாம் அங்கேயே கிடைப்பார்கள். வழிநெடுக எந்த ஊரு என்று கேட்பார்கள். அது குசலம் விசாரிப்பது, அதற்குக் கோபப்பட வேண்டாம். நம்ம ஆள் மாதிரி மாற்றிக்கொள் என்றால் மட்டும் தாராளமாகக் கோபப்படுங்கள். நம்ம ஆள் எப்படி இருப்பார் என்று முடிவு செய்ய உங்களுக்கும் உரிமை உண்டு.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா முதலில் கேட்டது, “என்னைய எங்க மாட்டின?” என்றுதான். உள்ளே விடவில்லை, கேட்டில்தான் மாட்டினேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“நல்லதாப் போச்சு” என்றாள் அம்மா. “உள்ள மாட்டியிருந்தா படம் பாக்க வந்தவன் மட்டும்தான் என்னைப் பார்த்திருப்பான்.”