ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆஸ்பத்திரி வாசலில் எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது.

பிரசவத்துக்குத் தனியாக வரும் பெண்களுக்குத் துணை அனுப்பும் சங்கத்தில் வேலை. மருந்து கொடுப்பதும் பிள்ளை எடுப்பதும் துணையின் வேலை இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு, இடுப்பைத் தேய்த்துவிட்டு, கடைசிவரை கூட இருக்க வேண்டும். வார்டிலோ சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அப்போது சங்கத்துக்கு இருந்த ஒரே துணை ஒரு அக்காதான். நான் புது ஆள் என்று சொல்லி முடிப்பதற்குள் என் முழங்கையைப் பிடித்து வாட்ச்மேனிடம் காட்டினார். "இவரு பொண்ணோட அண்ணன். நான் அண்ணி."

என் அம்மா வயது அவருக்கு.

ஊரில் அவருக்குப் பெயரே சொந்தக்காரி. ஒருத்திக்குச் சித்தி, ஒருத்திக்கு நாத்தனார், ஒருத்திக்கு மாமியார். வாட்ச்மேன் முறை பார்ப்பதில் புலி. ஒருநாள் விரல்விட்டு எண்ணினார். "அந்தப் பொண்ணுக்கு மாமியார், இந்தப் பொண்ணுக்கு அண்ணி. அப்ப வார்டு முழுக்க ஒரே குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஆள்தான்."

"நானும் ஒரு ஆள்தானே அண்ணே?" என்றார் அக்கா.

யோசித்துவிட்டு வழிவிட்டார்.

சங்கத்தை வளர்க்கிறேன் என்று நான் இன்னும் சிலரைச் சேர்த்து அக்காவிடம் பழகவிட்டபோதுதான் சிக்கல். முதலில் போனவள் தையல்காரி. கூட்டிப் போன பெண்ணுக்குத் தலைப்பிரசவம், புருஷன் வெளியூரில். அக்கா ஏற்கெனவே உள்ளே வேறொருத்தியோடு இருந்தார்.

"நீ யாரும்மா?" என்றார் வாட்ச்மேன்.

"சித்திங்க."

"அப்ப நீயும் அதே குடும்பம். ஆள் உள்ள இருக்காங்க."

"இவங்க வராம நான் போகமாட்டேன்" என்று அந்தப் பெண் வலியோடு கதவைப் பிடித்துக்கொண்டாள். நான் விதிமுறையைப் பிரித்துப் பிரித்து விளக்கினேன்.

"தம்பி, நீங்க அந்தக்கா வீட்டுக்காரர். பொம்பளைங்க விவகாரத்துல தலையிடாதீங்க."

சத்தம் கேட்டு அக்கா வந்தார். நிலைமையைப் பார்த்தார். தையல்காரியிடம் திரும்பினார்.

"வந்துட்டியாடி குடும்பத்தைக் கெடுக்க?"

தையல்காரி திருதிருவென்று விழித்தாள். பிறகு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். "நான் கெடுத்தேனா? எல்லாத்தையும் ஒத்த ஆளா வாரி முடிஞ்சிக்கிட்டது யாரு?"

"இனி ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. பிரிச்சுக் குடுங்க அண்ணே."

"நான் சித்தி பக்கம்" என்று முனகினாள் கதவைப் பிடித்திருந்தவள்.

வாட்ச்மேனுக்கு முகம் வாடிவிட்டது. "எப்படி இருந்த குடும்பம்" என்றபடி எழுந்து பாகம் பிரித்தார். ஜன்னல் பக்கத்துக் கட்டில்கள் அக்காவுக்கு, சுவர்ப் பக்கம் தையல்காரிக்கு. ரெண்டு குடும்பம், ரெண்டு ஆள்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. அம்மாக்காரி பிடித்த பிடியில் தையல்காரிக்கு விரல் மடக்க முடியவில்லை.

இப்போது துணைகள் ஐந்து பேர், பாகமும் ஐந்து. அக்கா ஜன்னலோரம்தான் இருக்கிறார். புதிதாக வருகிறவர்களுக்கு இடுப்பு தேய்க்கவும் சண்டை போடவும் பழக்குகிறார். வாட்ச்மேன் பார்க்கும்போது மட்டும் ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை.