பம்பருக்கு நோகாமல் நம்பர் பிளேட்

காருக்கு நம்பர் பிளேட் மாட்டுறது எல்லாம் ஒரு தொழிலான்னு கேட்கிறவங்க, புது கார் வாங்கின ஆளு முன்னாடி ஒரு தடவை ட்ரில்லைக் கையில எடுத்துக்கிட்டு நின்னு பார்க்கணும். பச்சைக் குழந்தைக்கு ஊசி போட வந்தவனைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாங்க. பின்பக்கம் பிரச்சினை இல்ல, கம்பெனிக்காரனே ஓட்டையோட அனுப்பிடுறான். முன்பக்கம் சில கார்ல பம்பர் ஓட்டையே இல்லாம மொழுமொழுன்னு இருக்கும், அங்கதான் நம்ம பொழப்பு சிரிப்பா சிரிக்கும். அல்சூர்ல ஒரு கார் ஆக்சஸரீஸ் கடையில நான் ஃபிட்டர், பேரு தாஸ். சீட் கவர் மாட்டுறவங்க, கார் கழுவுறவங்க, புது வண்டிக்காரங்ககிட்ட வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்ட எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க, உங்களுக்குத்தான் சொல்றேன்.

பீப் பீப்

முன்னெல்லாம் நானும் ஊர் உலகத்துல இருக்கிற ஃபிட்டர் மாதிரி ட்ரில் போட்டவன்தான். ஒரு நாள் ஒரு பல் டாக்டர் புது காரோட வந்தார். அவரும் ட்ரில் போடுற ஆளுதானே, அதனால "பின்னால என்ன ஓடுதுன்னு பார்த்துட்டுப் போடுப்பா"ன்னு ஒரு வார்த்தை சொன்னார். நான் பார்க்கல. பார்த்துட்டேன்னு சொன்னேன். ட்ரில் பம்பரைத் தாண்டிப் போய் பார்க்கிங் சென்சார் வயரைக் கடிச்சு வச்சிடுச்சு. வெளியே ஒண்ணும் தெரியல. பிளேட் ஜம்முனு உட்கார்ந்துச்சு, அவரும் சந்தோஷமா கிளம்பிப் போனார்.

மூணு நாள் கழிச்சு வந்தார். கார் கிளம்பினதுலேர்ந்து நிறுத்துற வரைக்கும், முன்னால ஏதோ இருக்குன்னு பீப் பீப்னு கத்திக்கிட்டே இருக்காம். "ஏன் சார், அன்னிக்கே வந்திருக்கலாமே"ன்னு நான் கேட்டுத் தொலைச்சேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சொன்னார்: "அன்னிக்கே எப்படிப்பா தெரியும்? இந்த ஊர்ல வண்டிக்கு முன்னால எப்ப ஒண்ணும் இல்லாம இருந்திருக்கு?"

போர்டு

அன்னிலேர்ந்து ட்ரில்லைத் தொட்டாலே கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு. எங்க அப்பா கோலார் தங்கவயல்ல பாறையைக் குடைஞ்சு எங்களை வளர்த்தவர், மகனுக்கு பிளாஸ்டிக்கைக் குடையப் பயம். வெட்கக்கேடு, வீட்டுல கூட சொல்லல. எங்க ஓனர் நஞ்சப்பா கன்னடக்காரர், ஆனா தமிழ் நம்மளை விட வேகமா பேசுவார். கோபம் வந்தா மட்டும் கன்னடத்துக்குப் போயிடுவார். சென்சார் மாத்திக் கொடுத்த பிறகு ரெண்டு நாள் கன்னடத்துலயே இருந்தார்.

மூணாம் நாள் தமிழுக்குத் திரும்பி வந்து, ஒரு முடிவு சொன்னார். இனிமே நான் ட்ரில்லைத் தொடக் கூடாது. டேப்போ, கிளிப்போ, பிராக்கெட்டோ, எதை வச்சாவது ஓட்டை போடாமலே மாட்டணும். ஆயுத பூஜை வரைக்கும் பார்ப்பார், சரிப்பட்டு வரலைன்னா வேற ஃபிட்டர். ஈஜிபுராவுல வாடகை வீடு, நாற்பத்து மூணு வயசு. ட்ரில் பிடிக்க வராத ஃபிட்டர்னு எந்தக் கடையில போய் வேலை கேட்கிறது, சொல்லுங்க? அன்னிக்கே 'ஓட்டை போடாமல் நம்பர் பிளேட் மாட்டித் தரப்படும்'னு ஒரு போர்டு எழுதி வந்துச்சு. அதைச் சுவத்துல மாட்ட நாலு ஓட்டை போடணும். என் கை ஆடுறதைப் பார்த்துட்டு ஓனரே ஸ்டூல் மேல ஏறிப் போட்டார். இறங்கி வந்து மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னார்: "உன்னால முடியாதுன்னு ஊருக்குச் சொல்ற போர்டுப்பா இது. அதையும் நான்தான் மாட்ட வேண்டியிருக்கு."

எலுமிச்சம்பழம்

முதல் கிராக்கி ஸ்ரீராம்புரம் சம்பத் அண்ணன். வாழ்க்கையில முதல் கார். வெள்ளிக்கிழமை பூஜை, நம்பரோடதான் கார் சாமி முன்னாடி நிக்கணும், பத்தரைக்கு ராகு காலம், அதனால நேரா கோயில் வாசலுக்கே வந்துடுன்னுட்டார். நான் டிராஃபிக்ல நீந்தி பத்து இருபதுக்குப் போய்ச் சேர்ந்தா, ஐயர் அதுக்குள்ள பம்பர் முழுக்க சந்தனம் குழைச்சுப் பூசி குங்குமம் வச்சு முடிச்சிட்டார். டேப் ஒட்டணும்னா பம்பர் சுத்தமா இருக்கணும், ஸ்பிரிட் போட்டுத் துடைக்கணும். நான் துணியை எடுத்ததும் சம்பத் அண்ணன் சம்சாரம் கையைப் பிடிச்சிட்டாங்க. சாமிக்கு வச்ச சந்தனத்தைத் துடைக்கவே கூடாதாம்.

என்ன பண்றது, சந்தனத்து மேலயே டேப்பை ஒட்டினேன். நிக்காதுன்னு எனக்குத் தெரியும். கடவுள் பார்த்துக்குவார்னு விட்டேன். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, கார் கிளம்பி, எல்லாரும் கை கூப்பின நேரம் பார்த்து பிளேட் பொத்துன்னு விழுந்துச்சு. விழுந்த வேகத்துல வழுக்கிப் போய், ஒரு பழத்தைத் தட்டி விட்டுட்டு அந்த இடத்துல தானே படுத்துக்கிச்சு. டயர் ஏறி இறங்கிடுச்சு. புது நம்பர் பிளேட் அப்பளம். நான் செத்தேன்னு நினைச்சேன். சம்பத் அண்ணன் இறங்கி வந்து, நசுங்கின பிளேட்டையும் உருண்டு போன பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நல்ல மனுஷன், சிரிச்சுட்டார். "இருந்த திருஷ்டி எல்லாம் கழிஞ்சது தம்பி. பழம்தான் பொழைச்சுக்கிச்சு."

போன்ல ஒரு அம்மா

போர்டைப் பார்த்துட்டு ஒரு அம்மா போன் பண்ணாங்க. ஓட்டை போடாம மாட்டினா திருடன் சுலபமா கழட்டிட்டுப் போயிட மாட்டானான்னு கேட்டாங்க. பொய் சொல்லி ஏற்கெனவே ஒரு தடவை பட்டாச்சே, அதனால உள்ளதைச் சொன்னேன்: மனசு வச்சா கழட்டுவான்மா. அதுக்கு ரொம்பக் கவலையா கேட்டாங்க: "கழட்டும்போது பம்பர்ல கீறல் விழாம கழட்டுவானா?"

கொக்கி

டேப் மேல எனக்கு நம்பிக்கை போச்சு. சில கார்ல பம்பர் ஓரத்துல சின்னதா ஒரு மூடி இருக்கும், பார்த்திருப்பீங்க. வண்டி நின்னு போனா கட்டி இழுக்கிறதுக்கு ஒரு கொக்கியைத் திருகுற இடம் அது. அந்த மரையிலயே ஒரு கம்பியைத் திருகி, கம்பியில பிளேட்டை மாட்டினா ஓட்டையே வேண்டாம். பிளேட் கொஞ்சம் ஓரமா நிக்கும், அவ்வளவுதான். நித்யான்னு ஒரு சாஃப்ட்வேர் பொண்ணு காருக்கு அப்படி மாட்டி விட்டுட்டு, பெரிய இன்ஜினியர் மாதிரி ரெண்டு வாரம் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

மூணாவது வாரம், ஈஜிபுரா சிக்னல்ல அந்தக் கார் படுத்துடுச்சு. இழுக்க வண்டி வந்தாச்சு, கொக்கியும் இருக்கு, கொக்கியைத் திருகுற இடத்துல என் பிளேட் நிக்குது! நித்யா எனக்குப் போன் போட்டு, நம்பர் இல்லாம கார் ரோட்டுல போனா தப்பாச்சேன்னு அழாத குறை. கழட்டிக் கையில பிடிச்சுக்கோங்கன்னு நான் சொல்றேன், ஓடுற கார்ல முன்னால உட்கார்ந்து எப்படிப் பிடிக்கிறதுன்னு அந்தப் பொண்ணு கேட்குது. நியாயமான கேள்விதான். பின்னால ஹாரன் சத்தத்துல காது கிழியுது. இழுக்க வந்த டிரைவர் போனைப் பிடுங்கினார்: "அண்ணே, நம்பர் வேணுமா, வண்டி நகரணுமா, ரெண்டுல ஒண்ணு சொல்லு. பின்னால நிக்கிற பஸ் டிரைவர் இறங்கி வர்றான்."

நாலு ஓட்டை

நித்யா நேரா கடைக்கு வந்து சண்டை போட்டதுல ஓனர் மறுபடி கன்னடத்துக்குப் போயிட்டார். ஆயுத பூஜைக்கு நாலு நாள்தான் பாக்கி. அப்ப காரோட வந்தார் ராமநாதன் சார், பெரிய அரசாங்க வேலையில இருந்து ரிட்டயர் ஆனவர், கூட அவங்க சம்சாரம். புது காருக்கு ஓட்டை விழக்கூடாதுன்னு ஷோரூம்ல சண்டை போட்டு, பிளேட்டைக் கையில வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கார். கார் நாலு மாசமா வீட்டு பார்க்கிங்லயே நின்னிருக்கு. தினம் காலையில எழுந்ததும் பம்பரைத் தடவிப் பார்ப்பாராம். முன்னால ஷோரூம் பேர் போட்ட விளம்பரப் பலகை ஒண்ணு இருந்துச்சு. அதைக் கழட்டிட்டு என் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

கழட்டினேன். உள்ளே நாலு ஓட்டை.

"போட்டுட்டான்! என் கண் முன்னாடியே போட்டுட்டான்!"னு ராமநாதன் சார் கத்தின கத்துல தெருவே கூடிடுச்சு. என் கையில ஸ்க்ரூ டிரைவர் மட்டும்தான் இருக்கு. ஓனர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், வேலை போச்சுன்னு கண்ணு கலங்கிடுச்சு எனக்கு. அப்பத்தான் ஒரு ஓட்டைக்குள்ளேர்ந்து விர்ருனு ஒரு குளவி வந்து என் மூக்குக்கு நேரா நின்னுச்சு. குனிஞ்சு பார்த்தா, பக்கத்து ஓட்டையையும் சேர்த்து மண்ணுல அழகா கூடு கட்டி வச்சிருக்கு. நல்லா காஞ்சு இறுகின கூடு. "இதையும் நான்தான் இப்ப கட்டினேனா சார்?"னு கேட்டேன். அவர் அப்படியே உட்கார்ந்துட்டார். ஷோரூம்காரன் விளம்பரப் பலகைக்காக முதல் நாளே குடைஞ்சிட்டான். இவர் நாலு மாசமா அந்த ஓட்டைக்குத்தான் காவல் இருந்திருக்கார்.

ஓனருக்கு முகம் மலர்ந்துடுச்சு. ஓட்டைதான் ரெடியா இருக்கே, கூட்டைச் சுரண்டிட்டு ஸ்க்ரூ போடு, அஞ்சு நிமிஷ வேலைன்னார். ராமநாதன் சார் சம்சாரம் குறுக்கே வந்து நின்னாங்க. குளவி கூடு கட்டினா வீட்டுல குழந்தை பிறக்கும், மருமகளுக்கு இது ஏழாம் மாசம், கூட்டுல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம். கடைசியில, நாலு ஓட்டை இருக்கிற பம்பர்ல ஒரு ஓட்டையையும் தொடாம, கிரில்ல நாலு கிளிப் போட்டு பிராக்கெட்டைத் தொங்க விட்டு, குளவி போய் வர ரெண்டு விரக்கடை வழியும் விட்டு பிளேட்டை மாட்டினேன். கூடு உதிராம ராமநாதன் சார் இருபது கிலோமீட்டர் வேகத்துலயே காரை ஓட்டிக்கிட்டுப் போனார். ஓனர் வெகு நேரம் அந்தக் காரையே பார்த்துக்கிட்டு நின்னுட்டு என் தோள்ல கை போட்டார். "தாஸு, நீ எங்கேயும் போகாதப்பா. ட்ரில் பிடிக்கிறவன் ஆயிரம் பேர் கிடைப்பான், குளவிகிட்ட அனுசரிச்சுப் போறவன் எங்க கிடைப்பான்?"

ஆக, ஓட்டை போட்டா திட்டு, போடலைன்னா சந்தேகம், ஏற்கெனவே இருந்தா அதுல யாராவது குடித்தனம் வந்திருப்பாங்க, இவ்வளவுதாங்க நம்ம தொழில்.