தண்ணீருக்கு முறை வைத்த ஊர்

அம்மாவின் தம்பி கனடாவுக்கு வந்த வழியில் தென்னாபிரிக்கா குறுக்கிட்டது. காசு வாங்கிக்கொண்டு கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் அவரை அங்கே விட்டுவிட்டு மறைந்துபோனான். மாமா உள்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இரண்டு வருடம் தோட்டவேலை செய்தார். அந்த ஊரின் பெயரைத் தொண்டையைச் செருமுவதுபோலச் சொல்ல வேண்டும். எனக்கு அது கடைசிவரை வரவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. கனடாவில், பார்க்டேல் என்ற இடத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். பனி கொட்டும் மாலைகளில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரும் கேட்காமலே தொடங்கிவிடுவார். வெள்ளைக்காரர்கள் முதலில் தேவாலயத்தைக் கட்டி, பிறகு அதைச் சுற்றி ஊரைக் கட்டினார்களாம். தோட்டங்களில் பாடுபட்ட வெள்ளையரல்லாதவர்கள் ஆற்றுக்கு அப்பால்தான் குடியிருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்களாம். அந்தச் சட்டம் ஒழிந்த பிறகும் பொழுதுபட்டால் அவர்கள் பாலத்தைக் கடந்து அப்பால்தான் போனார்கள். மழை அங்கே எப்போதாவது வரும் விருந்தாளி. மலைத் தண்ணீரைத் தெருவோர வாய்க்கால்களில் வீட்டுக்கு வீடு முறைவைத்துத் திறப்பார்கள். அங்கே நத்தார்ப் பண்டிகை கோடையில்தான் வருமாம்; அந்த வெயிலில் அப்ரிகொட் பழங்களைப் பிளந்து மரத்தட்டுகளில் காயவைக்க, ஊர் முழுக்க அந்த வாசம் நிற்குமாம்.

நான் கண்ணை மூடிக்கொள்வேன். கீழே தெருவில் ஸ்ட்ரீட்கார் தண்டவாளங்கள் வாய்க்கால்களாகும். மலைத்தண்ணீர் சத்தமில்லாமல் எங்கள் கட்டடத்தைச் சுற்றி ஓடும்.

மாசியில் மாமாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். நகரின் மறுகோடியில் இருந்த மோர்னிங்சைட்டிலிருந்து பெண்ணும் தகப்பனும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா ரோல்ஸ் பொரித்திருந்தார்.

"அங்க என்ன வேலை செய்தனீர், தம்பி?" என்று தகப்பன் கேட்டார்.

மாமா எனக்குச் சொல்வதுபோலவே சொன்னார். "எங்கட முறை விடியப்புறம்தான் வரும். நாங்கள் மண்வெட்டியோட போய்த் தண்ணியை மறிச்சுத் திருப்புவம். கால் விறைச்சுப் போகும். நாங்கள் சிரிச்சுக்கொண்டு நிப்பம்."

அதுவரை பேசாதிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். "நாங்கள் எண்டா ஆர்?"

மாமா ரோல்ஸ் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு, "அங்க என்னோட வேலை செய்தவ ஒராள். நாங்கள் ஒண்டாத்தான் இருந்தனாங்கள்" என்றார்.

அம்மா என்னை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். கதவுக்கு அப்பால் மாமா தணிந்த குரலில் ஏதோ சொல்ல, பெண்ணின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"பிள்ளையையுமோ விட்டிட்டு வந்தனீங்கள்?"

எங்கள் வீட்டில் பிள்ளை என்றால் நான்தான். என்னை யாரும் எங்கேயும் விடவில்லையே என்று யோசித்தேன். வெளியே வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். ரோல்ஸ் எல்லாம் எனக்கு மிஞ்சின.

அதன்பின் அம்மா மாமாவோடு பேசவில்லை. மாமா அந்த ஊரைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு இரண்டாவதுதான் பெரிய இழப்பு.

யூலை மாதம், பயணக் காகிதங்கள் சரிவந்ததும், மாமா அந்த ஊருக்கே திரும்பிப் போக வெளிக்கிட்டார். அன்று காலை அம்மா அலுமாரியின் அடியிலிருந்து, கனடா வந்த முதல் குளிருக்கு எனக்கு வாங்கிய சின்ன நீலக் கோட்டை எடுத்தார். கழன்றிருந்த பொத்தானைத் தைத்து, மாமாவின் சூட்கேசில் வைத்தார். என் கோட்டு என்று நான் அழத் தொடங்கினேன்.

"உனக்கு உது இனிப் பத்தாது" என்றார் அம்மா. பல மாதங்களுக்குப் பிறகு மாமாவின் பக்கம் திரும்பி, "அங்க இப்ப குளிர் எல்லோ?" என்று கேட்டார்.

மாமா ஓமென்று தலையை ஆட்டினார்.

எனக்கே பத்தாத கோட்டு அவ்வளவு உயரமான மாமாவுக்கு எப்படிப் பத்தும் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.