பிஸ்கட் டின் மூடியில் என் பெயர்

பலெர்மோவில் வீடு துடைக்கும் எனக்கு, நான் ஒரு புகைப்படக் கலைஞன் என்ற நினைப்பும் இருந்தது. என் சிஞ்ஞோரா, அதாவது நான் வேலை செய்யும் வீட்டுக்காரம்மா, மேசைவிரிப்புகளுக்குப் பூ வடிவங்கள் வரைந்து விற்பவர். ஒருநாள், தூசி தட்டிய கையோடு, அவருடைய மாதுளம்பூ விரிப்பைப் படமெடுத்து, படங்களை வாங்கி விற்கும் மிலான் நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினேன். அவர்கள் அனுப்பிய படிவத்தில், வதிவிட அனுமதி தரும் குவெஸ்தூரா அலுவலகத்தில் நீட்டும் தாளிலெல்லாம் கையெழுத்திட்டுப் பழகிய வேகத்தில், வாசிக்காமலே கையெழுத்திட்டேன்.

ஆறு மாதம் கழித்து சிஞ்ஞோரா ஒரு பிஸ்கட் டின்னை என் முன் வைத்தார். மூடி முழுக்க அவருடைய மாதுளம்பூ. ஓரத்தில் பொடி எழுத்தில் என் பெயர். அடுத்த மாதம் என் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அவருடைய வேலைக் கடிதம் வேண்டும்.

வீட்டுக்கு ஓடி மனைவியிடம், "படம் நான் எடுத்ததுதானேயப்பா!" என்றேன்.

"ஓம், எடுத்தது நீங்கள். பூவைக் கீறினது ஆர்? அந்தப் படிவத்தில என்ன கிடக்கெண்டு வாசியுங்கோ."

பிரதியை எடுத்து வாசித்தேன். 'படத்திலுள்ள வடிவமைப்பு என்னுடையதே' என்று உறுதியளித்திருந்தேன்.

மறுநாள் சிஞ்ஞோராவிடம் மன்னிப்புக் கேட்டு, நிறுவனத்துக்கு உண்மையை எழுதினேன். அவர்கள் படத்தை விலக்கிக்கொண்டார்கள். "கேட்டிருந்தால் தந்திருப்பேனே" என்றபடி சிஞ்ஞோரா வேலைக் கடிதத்தில் கையெழுத்திட்டார். திட்டியிருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

இப்போது எதைப் படமெடுத்தாலும், அதைச் செய்தவரிடம் முதலில் அனுமதி எழுதி வாங்குகிறேன். பல்லரோ சந்தையில் கத்தரிக்காய்க் குவியலைக் காட்டித் தாளை நீட்டியபோது வியாபாரி கையை விரித்தார்: "இதை நான் செய்யேல்லை. கடவுளிட்டைக் கேள்!"